அடுத்த ஊருக்கு நடந்தும் மிதிவண்டியிலும் போக ஒரு பாதை: எங்கிருந்து தொடங்குவது?

மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு குடியிருப்புகளை நடைபாதையாலும் மிதிவண்டிப் பாதையாலும் இணைக்க வேண்டும், வரைபடம், மனு, நிதி ஆகிய மூன்றில் எதை முதலில் கையில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையில் ஒரு குடியிருப்போர் குழுவுடன் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதில் இது: அந்த வழியில் ஆட்கள் தயங்கி நிற்கும் மிக மோசமான இடம் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். அந்த ஓர் இடம் தீரும்வரை மற்ற எத்தனை கிலோமீட்டர் போட்டாலும் அது அடுத்த ஊருக்குப் போகும் பாதை ஆகாது.

நாங்கள் அப்படித் தொடங்கவில்லை. எங்கள் வழியில் வாய்க்கால் கரையை ஒட்டி ஒன்றரைக் கிலோமீட்டர் சமதளம் இருந்தது. நில உரிமைச் சிக்கல் இல்லை, மரம் வெட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு என்பதால் அதையே முதலில் போட்டோம். திறந்த அன்று நல்ல கூட்டம். சில வாரங்கள் கழித்து, ஒரு வேலைநாள் காலையில், பாதை முடியும் இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பின்னிருக்கையில் குழந்தையுடன் ஒரு பெண் மிதிவண்டியில் வந்தார். பாதை அங்கே ஒரு நெடுஞ்சாலையில் முட்டி நின்றது. கனரக வாகனங்கள் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் இறங்கி, வண்டியை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். முன்சக்கரத்தை இரண்டு முறை சாலையில் ஏற்றினார், இரண்டு முறையும் பின்னுக்கு இழுத்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். சாலையைக் கடந்திருந்தாலும் அவருக்கு முன்னால் ஓர் ஓடை இருந்தது, அதற்குப் பாலம் இல்லை. மாலையில் உலாவ வருபவர்களுக்கு எங்கள் பாதை போதுமானதாக இருந்தது. வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவர் ஒருவருக்குக்கூட அது பயன்படவில்லை.

இத்தகைய இடங்கள் பெரும்பாலும் இரண்டு நிர்வாகங்களின் எல்லையில்தான் இருக்கின்றன என்பது தற்செயல் இல்லை. ஓடையும் ஆறும் பெருஞ்சாலையும் எல்லைக்கோடாகவே அமைந்துவிடுகின்றன. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லை வரை பணத்தைச் செலவிட்டு நிறுத்திக்கொள்ள, நடுவில் இருக்கும் சில நூறு மீட்டர் யாருடைய கோப்பிலும் ஏறுவதில்லை. டென்மார்க்கின் தலைநகர் வட்டாரத்தில் இதைத் தீர்த்த விதம் எனக்குப் பிடித்தது. அங்கே பல நகராட்சிகள் சேர்ந்து ஒரு பொது அலுவலகத்தை வைத்துக்கொண்டு, எல்லைகளைத் தாண்டிச் செல்லும் நீண்ட மிதிவண்டிப் பாதைகளைக் கூட்டாகத் திட்டமிடுகின்றன. கோபன்ஹேகனையும் ஆல்பர்ட்ஸ்லுண்டையும் இணைக்கும் முதல் பாதை 2012இல் திறக்கப்பட்டது. உங்களுக்கு அவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. இரு பக்கத்து அதிகாரிகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், அந்த ஓடைக்கரையில் நிற்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அலுவலக மேசையில் ஆண்டுக்கணக்கில் இழுத்த விஷயம் எங்களுக்கு அந்த ஒரு சந்திப்பில்தான் அசைந்தது.

மோசமான இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் உதவாது, நடந்து பார்க்க வேண்டும். இரு திசையிலும், பள்ளி நேரத்திலும், இருட்டிய பிறகும், மழை பெய்த மறுநாளும் நடங்கள். தடியூன்றி நடக்கும் முதியவர் ஒருவரையும், பத்து வயதுக் குழந்தை ஒன்றையும், முடிந்தால் சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதைகளையும் விட்டுவிடாதீர்கள். புல்லைத் தேய்த்து மண் தெரிய வைத்திருக்கும் அந்தத் தடம், எந்தக் கருத்துக்கணிப்பையும் விட நேர்மையாக, மக்கள் எங்கிருந்து எங்கே போக விரும்புகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. அதைக் கைவிட்டுச் சற்றுத் தள்ளி அழகான வளைவுடன் பாதை போட்டால், அழகான பாதை காலியாகவும் பழைய தடம் நடமாட்டத்துடனும் இருக்கும்.

சுற்றுவழி நடப்பவருக்கு எவ்வளவு சுமை என்பதை வாகனம் ஓட்டுபவர்கள் உணர்வதில்லை. மணிக்கு நான்கரைக் கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு உங்கள் மூன்று கிலோமீட்டர் நாற்பது நிமிடம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் மிதிப்பவருக்குப் பன்னிரண்டு நிமிடம். அறுநூறு மீட்டர் சுற்றவிட்டால் நடப்பவருக்கு எட்டு நிமிடம் கூடுகிறது. பாதை தொடர்ச்சியாகவும், நேராகவும், பாதுகாப்பாகவும், வசதியாகவும், மனத்துக்கு இனிமையாகவும் இருக்க வேண்டும் என்று நெதர்லாந்தின் வடிவமைப்பு வழிகாட்டிகள் ஐந்து தேவைகளைச் சொல்கின்றன. ஐந்தும் முக்கியம்தான், ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான பாதையில் தொடர்ச்சியும் நேர்வழியும் முதலில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலத்தைப் பொறுத்தவரை, கைவிடப்பட்ட ரயில் தடம் அருகில் இருந்தால் அது பெரும் வரம். ரயிலுக்காக அமைத்த தடத்தில் செங்குத்தான ஏற்றம் இருக்காது. பாலங்களும் பல இடங்களில் மிச்சமிருக்கும். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையே சுமார் 21 கிலோமீட்டர் பழைய ரயில் தடம், 1979 முதல் 1986 வரை தன்னார்வலர்களின் உழைப்பும் சேர்ந்து பாதையாக மாறியது; அந்நாட்டின் தேசிய மிதிவண்டிப் பாதை வலையமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. அத்தகைய தடம் இல்லாதபோது தனியார் நிலத்தின் ஓரத்தைக் கேட்க வேண்டிவரும். அப்போது உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்று நின்றுவிடாதீர்கள், ஏனெனில் நிலம் கைமாறும்போது அந்தச் சம்மதமும் போய்விடும். எழுத்தில் பெறும்போதும், கடந்து செல்லும் உரிமையையும் பாதையை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. ஆனால் மிதிவண்டிக்கு ஏற்றபடி அவற்றைச் சீரமைக்க வேண்டிய கடமையை அதே சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை. உரிமை இருந்தும் சேற்றில் சக்கரம் புதைகிறதென்றால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

கட்டுமான விவரங்களில் அகலம் முதலாவது. நடப்பவரும் மிதிவண்டியும் பகிர்ந்துகொள்ளும் பாதைக்கு மூன்று மீட்டராவது வேண்டும். கூட்டம் மிகுந்தால் இரண்டையும் பிரித்துவிடுவதே நல்லது. தண்ணீர் தேங்காமல் வடிய, பாதையின் குறுக்கே ஏறத்தாழ இரண்டு சதவீதச் சாய்வு போதும். ஏற்றத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி ஐந்து சதவீத ஏற்றம் முப்பது மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்கிறது. பாலத்துக்கு ஏறும் சரிவை வரையும்போது இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் மூன்று சக்கர வண்டிக்காரர்களும் முதியவர்களும் கீழேயே நின்றுவிடுவார்கள்.

நுழைவுத் தடுப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் செய்த தவறுகளில் எனக்கு இன்றும் வலிப்பது இதுதான். மோட்டார் சைக்கிள்கள் நுழைந்துவிடும் என்ற புகாருக்குப் பயந்து, வளைந்து வளைந்து நுழையும்படி இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்றை வைத்தோம். கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த ஒருவர், முதல் வளைவில் சக்கரம் சிக்கி முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் வண்டியோடு தூக்கி வெளியே விட்டார்கள். அவர் நன்றி சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அந்தத் தடுப்பை அகற்ற எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. இப்போது அங்கே ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. கார் நுழைவதில்லை. மோட்டார் சைக்கிள் எப்போதாவது நுழைகிறது, ஆனால் நடமாட்டம் கூடக்கூட அதுவும் குறைந்துவிட்டது.

இனி அந்த மோசமான இடத்துக்கு வருகிறேன். சாலையைக் கடக்கும் இடத்தில் வாகன வேகத்தைக் குறைக்காமல் வெறும் கோடு மட்டும் போட்டால் அது ஏமாற்றுவேலை. வேகத்தை மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு அருகில் கொண்டுவரும்படி சாலையைக் குறுக்கி, நடுவில் ஒரு மேடையை அமைத்தால் ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களை மட்டும் பார்த்துக் கடக்கலாம். மிதிவண்டியே ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் என்பதால், அந்த நடுமேடை கடக்கும் திசையில் மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். குறுகிய மேடையில் நிற்பவரின் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடைக்கு எங்களுக்குக் கிடைத்தது எஃகுத் தூலங்கள் மீது பலகை அடித்த சிறு பாலம்தான். அதன் பலகைகளைப் பயணத் திசைக்குக் குறுக்காக அடிக்கச் சொல்லுங்கள். நீளவாக்கில் அடித்தால் இடுக்கில் சக்கரம் இறங்கிவிடும்.

வழிகாட்டிப் பலகைகளுக்குப் பெரிய செலவு வேண்டாம். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995இல் தொடங்கிய முறையில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் உண்டு. எண்களைத் தொடர்ந்து போனாலே வழி தவறாது. ஒரே பாதை மட்டும் உள்ள உங்களுக்கு ஊர்ப் பெயரும் நிமிடக் கணக்கும் போதும்.

பராமரிப்பைத் திறப்புவிழாவுக்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். முள் வெட்டுவது யார், பாலத்துப் பலகையை மாற்றுவது யார், வேர் மேலெழும்பித் தாரைப் பிளந்தால் யாரை அழைப்பது என்ற மூன்றுக்கும் இரு நிர்வாகங்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் வேண்டும். எங்களிடம் அது இல்லாததால், இரண்டாவது மழைக்காலத்துக்குள் மூன்று மீட்டர் பாதை புதர் மண்டி ஒன்றரை மீட்டராகிவிட்டது.

ஆகவே உங்கள் மனுவில் "பாதை வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், ஓர் இடத்தைப் பெயரிட்டு, அங்கே காலை நேரத்தில் எடுத்த படத்துடன், அதைக் கடக்க முடியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிய கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வழியில் அந்த இடம் சாலையா, ஓடையா, யாரோ ஒருவருடைய வேலியா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதினால், அதற்கேற்ப அடுத்து என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொல்கிறேன்.