தவில்காரர் முத்துராக்கின் கழுத்து

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்களுடையது வலங்கைமான் பக்கம் தவில் வாசித்த குடும்பம். தாத்தாவோடு அது நின்றுபோயிற்று. போன வாரம் டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடியது. டி.எஸ்.பாலையாவைப் பார்த்துவிட்டு அம்மா, “என்னமா நடிக்கிறாரு மனுஷன்” என்றார். உடனே அப்பா, “உங்க தாத்தா இந்தப் படத்துல பாதியிலயே எழுந்துடுவாரு. குச்சி புடிக்கத் தெரியலடாம்பாரு” என்றார். யார் சொல்வது சரி? நாகேஷ், ரங்காராவ் வரிசையில் பாலையாவை வைக்கலாமா, இல்லை பழைய பாசத்தில் கூட்டிச் சொல்கிறோமா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

தாத்தாவோடு நான் வழக்குக்கு வரவில்லை. இடது கையில் குச்சியும் வலது கை விரல்களில் கூடுமாகக் காலம் தள்ளியவர் அவர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளையும் வாசித்த மண்ணில், திரையில் குச்சி விழும் இடமும் தவிலின் சொல் காதில் கேட்கும் இடமும் ஒட்டுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ஆனால் அடுத்த முறை கையை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். நாயனக்காரர் ஆலாபனையில் இருக்கும்போது தவில்காரருக்குக் கையில் வேலையில்லை. காதுக்குத்தான் வேலை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இவர் எங்கே போய் இறங்கப் போகிறார் என்று கண் மட்டும் தேடிக்கொண்டிருக்கும். திருநெல்வேலிச் சீமைக்காரரான பாலையா எங்கள் பக்கத்துத் தவில்காரரின் இந்தச் சாய்வை எங்கே பிடித்தாரோ!

‘நலந்தானா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மோகனா ஆடிக்கொண்டே கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டிய சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாயில் நாயனத்தின் சீவாளி. சிவாஜி கண்ணால்தான் பேசியாக வேண்டும், பேசுகிறார். பக்கத்தில் இருக்கும் தவில்காரர் முத்துராக்கு, அதாவது நம் பாலையா, இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாம் கலங்குகிறோம் என்பது என் கட்சி. சிவாஜி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

பாலையா பேசி நடித்ததைவிடக் கேட்டு நடித்தது பெரிது. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கதையில் கதையே கிடையாது, வெறும் சத்தம். எதிரே பயந்து ஒடுங்கும் ஒரு பெரிய மனிதர் இல்லாவிட்டால் அது வெறும் மிமிக்ரி. அதே படத்தில் அசோக்கின் அப்பா பெரிய பணக்காரர் என்று நம்பியதும், “அசோகர் உங்க மகருங்களா?” என்கிறார் பாருங்கள். தமிழில் ‘மகர்’ என்று ஒரு சொல் ஏது? பணத்தைக் கண்டதும் இலக்கணமும் குனிந்து கும்பிடுகிறது. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் காரியஸ்தர்கள் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த ‘ர்’ எனக்கு ரொம்பப் பழக்கம்.

எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கரில் ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு ஓடும். வாழையிலை நறுக்கிக்கொண்டே என் பெரியப்பா, ஹேமநாத பாகவதருக்கு முன்னாலேயே அவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். ஆகவே பாலையாவை நான் பார்த்ததற்கு முன்பே கேட்டிருந்தேன். அந்தச் செருக்கு குரலிலேயே முழுசாக இருந்தது. ‘ஒரு நாள் போதுமா’ பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் என்பது பிறகுதான் தெரிந்தது, கொஞ்சம் ஏமாற்றம்கூட. படத்தைப் பார்த்தபோது தட்டில் இல்லாத ஒன்று கிடைத்தது. விறகுவெட்டி பாடும் ராத்திரி அது. பாகவதருக்கு அங்கே கேட்பதைத் தவிர வேலை இல்லை. இனி இந்த ஊரில் நமக்கு வேலையில்லை என்று அந்த வித்துவானுக்குப் புரிவது முகத்தில் படிப்படியாக இறங்குகிறது. கெட்டிக்காரனுக்குத்தான் தன் தோல்வி இவ்வளவு சீக்கிரம் தெரியும். அதனால்தான் அந்த ஆள்மேல் நமக்குக் கோபமே வருவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. 1936-ல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி 1972-ல் மறையும்வரை ஏகப்பட்ட படங்கள். வில்லனாக வந்த பலவற்றில் ஒரே நமுட்டுச் சிரிப்பு, ஒரே இழுவை. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது கைவசம் இருந்த சாமானை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்.

வரிசை கேட்டீர்கள். ரங்காராவ் வந்து நின்றாலே கூடம் நிறைந்துவிடும், நாகேஷின் வேகம் வேறு யாருக்கும் வராது. இந்த இருவர் பக்கத்திலும் பாலையாவைக் கூச்சமில்லாமல் உட்கார வைப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

‘வேலைக்காரி’ (1949) பார்த்திருக்கிறீர்களா? அதில் அவர் வில்லன் இல்லை, நாயகனின் நண்பன் மணி. அண்ணாவின் வசனம். பிரதி பழசு, ஒலி கரகரக்கும். ராத்திரி வீடு அடங்கியபிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.