ஆன்டிபாடி இருந்தும் இரைப்பைக் கிருமி ஏன் சாவதில்லை?

கேள்வி: அல்சருக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி என்று 14 நாள் மருந்து கொடுத்தார்கள். முடித்து இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். மறுபடி மருந்து சாப்பிட வேண்டுமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக்கைத் திரும்பத் தொடங்காதீர்கள். உடல் இந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதைத்தான் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், சொல்கிறது. கிருமி ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது ரத்தத்தில் இருக்கும். யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பரிசோதனை செய்துபாருங்கள். அதற்கு முன் ஆன்டிபயாடிக், பிஸ்மத் நிறுத்தி 4 வாரமும், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் நிறுத்தி 2 வாரமும் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகள் தற்காலிகமாக அடங்கி, இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

கேள்வி: ஆன்டிபாடி உருவான பிறகும் உடல் ஏன் கிருமியை விரட்டவில்லை?

பதில்: கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பைச் சுவரைப் போர்த்திய சளிப்படலத்துக்குள் நீந்துகின்றன. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தம்மைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கின்றன. ரத்தத்து ஆன்டிபாடி அங்கே போய்ச் சேருவது மிகக் குறைவு.

போதாக்குறைக்கு, நீந்த உதவும் வால் போன்ற இதன் கசையிழையின் புரதம் சற்றே மாறியிருப்பதால், பிற கிருமிகளின் கசையிழையைக் கண்டதும் விழித்துக்கொள்ளும், நம் உடலின் டி.எல்.ஆர்.5 என்ற உணர்வு ஏற்பி இதைக் கண்டுகொள்வதில்லை. இந்தக் கிருமி சுரக்கும் வேக்-ஏ என்ற நச்சுப் புரதம், நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் இரைப்பையில் கூடிவிடுகின்றன. அவை திசுவைக் காக்கின்றன. கூடவே கிருமிக்கும் ஆயுள் நீள்கிறது. சிகிச்சை இல்லையென்றால் தொற்று பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிப்பது இதனால்தான்.

சுண்டெலி ஆய்வுகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஆன்டிபாடியே உருவாகாத எலிகளுக்கும் தடுப்பூசி பாதுகாப்புத் தந்தது, சி.டி.4 என்ற வகை டி செல்கள் இல்லாதவற்றுக்குத் தரவில்லை. தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கவே கூடாது.

கேள்வி: அப்படியானால் தடுப்பூசி எப்போது வரும்?

பதில்: தேதி சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. இதுவரை நல்ல பலன் காட்டியது சீனாவில் சோதித்த வாய்வழித் தடுப்பு மருந்து. யூரியேஸின் பி பகுதியை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நச்சின் தீங்கற்ற பி பகுதியோடு இணைத்துச் செய்தது. தொற்று இல்லாத 6 முதல் 15 வயதுள்ள 4,464 பிள்ளைகள் சோதனையில் சேர்ந்தார்கள், மூன்று தவணை. 2015இல் வெளியான முடிவின்படி முதல் ஆண்டில் பாதுகாப்பு 71.8 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 55 சதவீத அளவுக்கு இறங்கியது. இந்தக் கிருமியின் கேக்-ஏ, வேக்-ஏ, நேப் ஆகிய மூன்று புரதங்களைத் தசையில் போடும் ஊசியாக வேறொரு குழு சோதித்தது. ஆன்டிபாடி நன்றாக ஏறியது. ஆனால் தன்னார்வலர்களுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது ஊசி காக்கவில்லை.

இன்ன அளவு எட்டினால் பாதுகாப்பு உறுதி என்று சொல்லும் ரத்த அளவுகோல் எதுவும் இதற்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, யார் யாருக்குப் புதிதாகத் தொற்று வந்தது என்று நேரடியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாமதத்துக்குப் பெரிய காரணம் இது.