வெட்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன? – கேள்வி பதில்

மனசில் இருப்பதை ஆங்கிலத்தில் சொல்வது பற்றி இன்று ஒரு நாள் கேளுங்கள். இருபது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். சொற்பட்டியல் மட்டும் கேட்காதீர்கள்.

கே: வேலைக்கான நேர்முகத்தில், பழைய வேலை அலுத்துவிட்டது என்பதற்கு ‘ஐ ஆம் போரிங்’ என்றேன். சிரித்துவிட்டார்கள்.

ப: ‘நான் ஒரு அறுவை’ என்று நீங்களே சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அலுப்பு உங்களுக்கு வந்தால் போர்டு. உங்களால் அடுத்தவருக்கு வந்தால் போரிங். எக்ஸைட்டடு, எக்ஸைட்டிங்குக்கும் இதே கணக்குதான்.

கே: மேலதிகாரிக்கு ‘ஐ ஆம் இன் டென்ஷன்’ என்று எழுதலாமா?

ப: வேண்டாம். நமக்கு பஸ் தாமதமானாலும் டென்ஷன், பரீட்சை வந்தாலும் டென்ஷன். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவிலோ கழுத்துத் தசையிலோ இருப்பது. வேலை நெருக்கினால் ஸ்ட்ரெஸ்டு. மேடை ஏறுமுன் வரும் படபடப்பு நெர்வஸ். என்ன ஆகுமோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தால் ஆங்ஷியஸ்.

கே: வெட்கத்துக்கு ஷேமா, ஷையா?

ப: நல்ல கேள்வி. தமிழில் வெட்கம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு உணர்ச்சிகள் குடியிருக்கின்றன. பந்தியில் சாம்பாரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க நெளிந்தால் எம்பாரஸ்டு. சொன்ன பொய் வெளிப்பட்டுத் தலை குனிந்தால் அஷேம்டு. அதில் குற்ற உணர்வு இருக்கிறது. புது ஆளிடம் பேசக் கூச்சப்படும் சுபாவம் ஷை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, ‘நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அஷேம்டு ஆகிவிட்டேன்’ என்று வெளிநாட்டுத் தோழிக்கு எழுதினாள். ‘அவ்வளவு மோசமான ஆளா? கல்யாணத்தை நிறுத்திவிடு’ என்று பதில் வந்தது! அந்த வெட்கத்துக்கு, முகம் சிவந்ததைச் சொல்லும் ‘ஐ பிளஷ்டு’ போதும்.

கே: உணர்ச்சிச் சொற்கள் ஐம்பது தர முடியுமா?

ப: முதல் பத்தியைப் படிக்கவும்.

கே: ‘வெரி ஃபியூரியஸ்’ சரியா?

ப: ஃபியூரியஸுக்குள்ளேயே வெரி இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் அப்ஸல்யூட்லி போடுங்கள்.

கே: ஊடலுக்கு ஆங்கிலச் சொல் உண்டா?

ப: ஒரே சொல்லாக இல்லை. 1886இல் திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப்பே திணறியிருக்கிறார். கடைசி அதிகாரமான ஊடலுவகையில் ஊடலை ‘டெம்பரரி வேரியன்ஸ்’, அதாவது தற்காலிகப் பிணக்கு, என்று எழுதினார். ஏதோ பாகப்பிரிவினைத் தகராறு மாதிரி இல்லை?

கே: ‘சல்க்’ இருக்கிறதே ஐயா?

ப: சல்க் என்பது உம்மென்று உட்கார்ந்திருப்பது. பொம்மை கிடைக்காத பிள்ளையும் செய்யும். ஊடலில் ‘வந்து சமாதானம் செய்’ என்ற அழைப்பு ஒளிந்திருக்கிறது.

கே: பிள்ளையும் சமாதானத்தைத்தானே எதிர்பார்க்கிறது? தமிழுக்குத் தனிப்பெருமை தேடுகிறீர்கள்.

ப: பிள்ளைக்குப் பொம்மை வந்தால் சமாதானம். ஊடலில் கோபமே பாதி நாடகம், பாதி ஆசை. சல்க் செய்கிற ஆளை ஆங்கிலத்தில் யாரும் ரசிப்பதில்லை. ஊடுகிறவளை நம் கவிகள் இரண்டாயிரம் வருடமாக ரசிக்கிறார்கள். பெருமை என்றால் பெருமைதான், போங்கள்.

கே: ‘பௌட்’?

ப: அது உதட்டைச் சுழிப்பது. குறளில் ஊடலைப் பேசும் இன்னொரு அதிகாரமான புலவிக்கு போப் அதைத்தான் தலைப்பாக வைத்தார். உதடு வந்துவிட்டது, மனசு வரவில்லை.

கே: ஜெலஸ், என்வி?

ப: அடுத்தவர் கார் நமக்கில்லையே என்பது என்வி. நம் ஆளை அடுத்தவர் தட்டிக்கொண்டு போவாரோ என்பது ஜெலஸி. பேச்சில் இரண்டுக்கும் ஜெலஸ் ஓடும்.

கே: ஐ ஆம் போரிங், ஐ ஆம் போர்டு, எது சரி?

ப: மேலே.

கே: இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ப: ஆங்கிலம் இருக்கட்டும். எனக்கு எழுதிய இதே வரியைத் தமிழிலேயே ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். தள்ளிப்போடாதீர்கள்.

கே: ஊடலுக்கு ‘டிஃப்’ என்றால்?

ப: அது சில்லறைச் சண்டை. விடமாட்டீர்கள் போலிருக்கிறது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டு அரை மணி நேரமாகிறது; இன்னும் எழுந்திருக்காவிட்டால் அங்கே நடக்கப்போவது ஊடலும் இல்லை, டிஃப்பும் இல்லை. வருகிறேன்.