மறுவெளியீடு வந்தால் விலை ஏறுமா, இறங்குமா? ஜாஸ் தட்டுகளும் ஓய்வுக்காலப் பணமும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். போன மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 19 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. சொந்த வீடு, ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. கடன் இல்லை. மகன் கோவையில் வேலை பார்க்கிறான்.

ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பது என் நீண்ட நாள் பழக்கம். குன்னூர், ஊட்டியில் பழைய பங்களாக்களைக் காலி செய்தபோது வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை என்று 400 தட்டுகள் இருக்கும். அதில் ஓர் அறுபது, 1970களில் அமெரிக்காவின் சின்னச் சின்ன நிறுவனங்கள் கொஞ்சமாகப் போட்டு நிறுத்தியவை. 19 லட்சத்தில் 5 லட்சத்துக்கு இப்படிப்பட்ட அசல் தட்டுகளை இன்னும் வாங்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒருநாள் மறுவெளியீடு வரும், பெயர் பரவும், அசலின் விலை ஏறும், அப்போது விற்கலாம் என்பது என் கணக்கு. மனைவியோ, "புதுசா அச்சடிச்சு கடைக்கு வந்துட்டா பழசை யார் காசு கொடுத்து வாங்குவா?" என்கிறாள். யார் சொல்வது சரி? ஸ்ட்ராட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் அசல் தட்டு ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் நம் பணத்தில் 28,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? பின்னால் விற்றால் வரி உண்டா?

பதில்: தட்டு விஷயத்தில் நீங்கள் இருவருமே சரி. பணத்தின் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

அசல் தட்டுக்குப் பெரிய விலை கொடுப்பவர்கள் இரண்டு வகை. அந்த இசையைக் கேட்க வேறு வழியே இல்லாததால் வாங்குகிறவர் ஒரு வகை. இசை எங்கே கிடைத்தாலும் சரி, அந்த முதல் அச்சுதான் வேண்டும் என்று நிற்பவர் இன்னொரு வகை. மறுவெளியீடு வந்த மறுநாளே முதல் வகை ஆட்கள் கூட்டத்திலிருந்து கழன்றுகொள்வார்கள். அவர்கள் போன பிறகும் ஏலம் கேட்க ஆள் மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் உங்கள் விலை நிற்கிறது.

ஆள் மிச்சம் இருக்கும் தட்டுகள் உண்டு. அமெரிக்க ஜாஸ் நிறுவனமான புளூ நோட்டின் 1568ஆம் எண் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியுடையது, 1957-இல் பதிவானது. அதை எத்தனையோ முறை மறுபடி அச்சிட்டுவிட்டார்கள். இருந்தும் நல்ல நிலையில் உள்ள முதல் அச்சு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இசையை அல்ல. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தைத்தான் பார்ப்பார். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் அடையாளமான 'ஆர்விஜி' இருக்கிறதா? அச்சிட்ட ஆலை விட்டுப்போன, காதைப் போன்ற அந்தச் சின்னச் சுழி இருக்கிறதா? 1966-க்குப் பின் அச்சான புளூ நோட் தட்டுகளில் அந்தக் காது கிடையாது. லேபிளில் அச்சாகியிருக்கும் நியூயார்க் முகவரிகூட எந்த வருடத்து முகவரி என்று சரிபார்ப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு மறுவெளியீடு ஒரு விளம்பரம் மட்டுமே. உங்கள் கணக்கு பலிப்பது இங்கேதான். ஆனால் இந்த வகைத் தட்டு 5 லட்சத்துக்கு எத்தனை கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறுபதில் பெரும்பாலானவை வேறு வரிசை. 'எங்கும் கிடைக்காது' என்பதே அவற்றின் விலைக்குக் காரணம். கலிஃபோர்னியாவின் பிளாக் ஜாஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 1971 முதல் 1975 வரை இருபது தட்டுகள்தான் வெளியிட்டது. 2020 முதல் அவை வரிசையாக மறுபடி அச்சுக்கு வந்தன. இப்போது கேட்க ஆசைப்படுகிறவர் ஒரு புதுத் தட்டின் விலையில் கேட்டுவிடலாம். உங்கள் மனைவி எந்த ஏலத்தளத்தையும் பார்க்காமல் சொன்ன வாதம் இந்த வரிசைக்கு அப்படியே பொருந்தும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மறுவெளியீடு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் பதிவு செய்த மூல நாடா கிடைக்க வேண்டும். 2008-இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் எத்தனையோ நாடாக்கள் போயின. நாடா இருந்தாலும் உரிமை யாரிடம் என்று தெரிய வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் ஸ்ட்ராட்டா ஈஸ்டே இதற்கு நல்ல உதாரணம். டிரம்பெட் கலைஞர் சார்ல்ஸ் டாலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. மூலப் பதிவின் உரிமை இசைக் கலைஞரிடமே இருக்கட்டும் என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. கலைஞருக்கு அதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஐம்பது வருடம் கழித்து மொத்தப் பட்டியலையும் மறுபடி அச்சிட நினைப்பவர் ஒவ்வொருவராக, சில இடங்களில் வாரிசுகளாக, தேடிப்போய்ப் பேச வேண்டும். லண்டனில் 1960களில் பதிவான டான் ரெண்டெல் – இயன் கார் குழுவின் ஐந்து எல்.பி.க்களும் ஒரே பெட்டியில் மறுபடி தட்டாக வந்தது 2018-இல். அரை நூற்றாண்டுக் காத்திருப்பு. 58 வயதில் தொடங்குகிற முதலீட்டுக்கு இது கொஞ்சம் நீளமான தவணை, இல்லையா?

சரி, இப்போது அந்த 28,000 ரூபாய்த் தட்டு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் செலவு 3,500 என்று வைப்போம். மொத்தம் 31,500. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணத்துக்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன, அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. சுமார் 1,300 ரூபாய். ஆக, சுங்க வரியைச் சேர்க்காமலே 32,800 ரூபாய். பின்னால் இதே தட்டை இதே 28,000-க்கு டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தையில் விற்கிறீர்கள் என்றால், தளத்தின் கட்டணம் 9 சதவீதம் போகும். பணம் வந்து சேரும் செலவுக்கு இன்னொரு நாலரை சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 24,220. போட்ட பணத்தை அப்படியே திரும்ப எடுப்பதற்கே தட்டின் விலை கிட்டத்தட்ட 38,000-க்கு ஏற வேண்டும். அதாவது 35 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்குப் பூஜ்யம். அஞ்சலகத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் நாலு வருடத்துக்கு மேல் வந்திருக்கும் வட்டி, இங்கே வாசற்படி தாண்டுவதற்கே செலவாகிவிடும்.

இதையும் கவனியுங்கள்: ஸ்ட்ராட்டா ஈஸ்ட் பட்டியலை மேக் அவென்யூ நிறுவனம் மறுபடி வெளியிடத் தொடங்கியது 2025-இல். நீங்கள் காத்திருக்கும் வெளிச்சம் அந்தப் பெயர் மேல் விழுந்தாகிவிட்டது. அது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல, விற்கிறவருக்கும் தெரியும். அவர் சொல்லும் 28,000-க்குள் அந்தச் செய்தியும் அடங்கியிருக்கிறது. அவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே பதிப்பு கடைசியாக உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று டிஸ்காக்ஸ் காட்டும் வரலாற்றைப் பாருங்கள். கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவே சில சமயம் ஒரு மேட்டுப்பாளையம் மலைப்பாதையே ஓடும்.

உங்கள் ஒன்றரை ஏக்கரில் பறிக்கும் பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுப்படியாகாத மாதங்கள் உண்டு. ஆனால் பறித்த அன்றே எடுத்துக்கொள்ள ஃபேக்டரி இருக்கிறது. தட்டுக்கு அப்படி ஒரு எடை மேடை கிடையாது. மனைவிக்கு நாளைக்கு ஆபரேஷன் என்றால், ஜாஸ் கேட்கிற, அதிலும் அந்தத் தட்டைத் தேடுகிற, அதிலும் அன்றைக்குப் பணம் வைத்திருக்கிற ஒருவரை எங்கே பிடிப்பீர்கள்?

மலைவாசிகளுக்கே உள்ள ஒரு செலவும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெயிலே தெரியாத வாரங்கள் வரும். சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த தட்டுகளில் ஒன்றை இப்போதே உருவிப் பாருங்கள். உறையின் முதுகுப் பக்கத்தில், ஓரத்தில், சாம்பல் பூத்தது போல் ஒரு படலம் இருக்கிறதா? உள்ளே தட்டின் மேல் முத்து முத்தாக வெண்புள்ளி? தட்டைக் கழுவிவிடலாம், அட்டையில் ஏறிய பூஞ்சணக் கறை போகாது. வாங்குகிறவர்கள் பொதுவாகப் பின்பற்றும் தரவரிசைப்படி, 'நியர் மிண்ட்', அதாவது கிட்டத்தட்ட புதுசு போன்ற நிலையில் 100 ரூபாய் பெறும் தட்டு ஒரு படி இறங்கினால் 50, இன்னொரு படி இறங்கினால் 25. எந்த மறுவெளியீடும் வராமலே ஒரு மழைக்காலம் உங்கள் விலையைப் பாதியாக்கிவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தட்டுகளை நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்காதீர்கள். பழைய பி.வி.சி. உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலிதீன் உள்ளுறை வாங்குங்கள். உங்களிடம் உள்ள சொத்தில் இன்றைக்கே நல்ல லாபம் தரும் செலவு இதுதான்.

பங்களாக்களில் வாங்கியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான இந்தியப் பதிப்புகளாக இருக்கும். காதுக்கு நிறைவானவைதான். ஆனால் அமெரிக்க முதல் அச்சின் விலையை அவற்றுக்குப் போட்டு மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

இனி 19 லட்சத்துக்கு வருகிறேன். இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் பொதுவாக 60 வயது ஆக வேண்டும். ஆனால் 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை அதில் போடலாம். அந்தக் கெடு தாண்டினால் நீங்கள் 60 வரை காத்திருக்க வேண்டும். வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. போடுகிற நாளில் உள்ள விகிதமே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் விழும். மனைவியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். ஓய்வுச் சான்றும் பணம் வந்ததற்கான ஆதாரமும் கேட்பார்கள், கையோடு கொண்டுபோங்கள்.

மிச்சம் 4 லட்சம். இரண்டு லட்சம் வங்கி டெபாசிட்டில், அவசரத்துக்கு. கம்பெனி மருத்துவக் காப்பீடு ஓய்வோடு முடிந்திருக்கும், இருவருக்கும் புதிதாக எடுக்கும் பிரீமியமும் இதிலிருந்துதான். இரண்டு லட்சத்தை மாதத் தவணையாகப் பிரித்து பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இன்டெக்ஸ் ஃபண்டில், பத்து வருடம் தொடாத பணமாக. விலைவாசியை வட்டி மட்டும் துரத்திப் பிடிக்காது. தட்டுக்கு என்று இந்த 19 லட்சத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம். வட்டியிலிருந்து மாதம் 3,000 எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு வீட்டில் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இது வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் காது கொடுத்துக் கேட்ட மனிதர் ஓய்வில் அதை விட்டுவிட்டு என்ன செய்வார்?

ஏற்கெனவே உள்ள அறுபதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல வருடமாக ஊசி வைக்காத தட்டுகளைத் தனியாக எடுங்கள். அவற்றுக்கு மறுவெளியீடு அறிவிப்பு வருவதற்கு முன்பே, 'எங்கும் கிடைக்காது' என்ற நிலை இருக்கும்போதே, விற்றுவிடுங்கள். உங்கள் முதல் கணக்குக்கு இது நேர் எதிர் என்று தெரியும். பிறகு மறுவெளியீடு வந்தால் அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குச் சுத்தமான புதுத் தட்டை வாங்கிக் கேட்கலாம். மூல நாடாவிலிருந்து உரிமையோடு போட்டதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 1963-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்துவிட்டதால், சிடியிலிருந்து எடுத்து அச்சிட்ட மலிவுத் தட்டுகள் நிறைய சுற்றுகின்றன.

வரி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் போன்றவை அந்த விலக்கில் வராது. இசைத்தட்டு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆகவே கேட்பதற்கு வாங்கி வைத்ததில் சிலவற்றை விற்பதில் கவலை இல்லை. ஆனால் விற்பதற்கென்றே 5 லட்சத்துக்கு வாங்கினால் அது வியாபார வருமானம் என்று பார்க்கப்படலாம். உங்கள் மொத்த வருமானம் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை கட்ட வேண்டியது பெரும்பாலும் வராது. கணக்கு மட்டும் எழுதி வையுங்கள், அது உங்களுக்குக் கைவந்த வேலை.

எழுதும்போதே ஒவ்வொரு தட்டின் எண், எந்த நாட்டு அச்சு, என்ன நிலை, என்ன விலைக்கு வாங்கியது என்பதையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு எடுப்பதானால் இப்படிப்பட்ட சேகரிப்பைத் தனியாகப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டியிருக்கும். பட்டியல் இல்லாவிட்டால் பின்னாளில் உங்கள் மகன் 400 தட்டையும் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோ கணக்கில் போட நேரலாம். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த 28,000 ரூபாய்த் தட்டை இப்போது விடுங்கள். அதன் மறுவெளியீடு கடைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால், முதல் மாதத்து மூவாயிரத்தை அதற்குச் செலவு செய்யுங்கள்.