பிள்ளையை அடிக்கும் அம்மா அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தால் மாறுவார்களா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர், சாயங்காலமானால் மூன்று வயதுப் பையனை அவர் அடிக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது, பெற்றோருக்குப் பயிற்சி என்று என்னென்னவோ சொல்கிறார்களே, அதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்கிறார்.

உண்டு. ஆனால் என்ன மாதிரிப் பயிற்சி என்று பார்க்க வேண்டும். நானும் பெங்களூரில்தான், பொம்மனஹள்ளிப் பக்கம், வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு பால்வாடியில் இருக்கிறேன், அங்கே அம்மாக்கள் கூட்டத்தை நடத்துவதும் நான்தான். வருகிறவர்களில் நிறையப் பேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். "அடிக்காதீங்க, அன்பா பேசுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு டீ பிஸ்கட் கொடுத்து அனுப்புகிற கூட்டத்தால் ஒன்றும் ஆகாது. அடிப்பது தப்பு என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கிறது? அடித்துவிட்டு, ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு அதன் தொடையைத் தடவிக்கொண்டு அழுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

எங்கள் கூட்டத்தில் நான் முதலில் கேட்பது, "எந்த நேரத்தில கை ஓங்குது?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வேலை விட்டு வந்து அடுப்புப் பற்றவைக்கிற நேரம். பகல் முழுக்க மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், குறைந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுவார், அப்புறம் நெரிசலான பஸ், வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் வந்து நின்றிருக்கும். பிள்ளையோ காலையிலிருந்து அம்மாவைப் பார்க்கவில்லை, புடவையைப் பிடித்துக்கொண்டு நச்சரிக்கும், ஒரு கையில் கரண்டி, கீழே கொட்டின பால், பளார் என்று ஒரு அறை.

அதனால் நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் அந்த நேரத்துக்கானதுதான். வந்ததும் பையைக் கீழே வை, அடுப்பைத் தொடாதே, பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து பிள்ளை என்ன விளையாடச் சொல்கிறதோ அதை விளையாடு, போன் வேண்டாம். இதைக் கேட்டதும் "சோறு யார் ஆக்குவா?" என்று சிரிப்பார்கள், ஆனால் செய்து பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்தில் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள், பிள்ளை பத்து நிமிஷம் மடியில் இருந்துவிட்டுத் தானாக எழுந்து போய்விடுகிறது என்று. அப்புறம், ஒரே மூச்சில் நாலு வேலை ஏவாதே, ஒன்று சொல்லு, செய்து முடிக்கட்டும், செய்ததைச் சொல்லிப் பாராட்டு: "செருப்பை எடுத்து ஓரமா வச்சியே, சமத்து." இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் அம்மாவாகவும் நடித்துப் பார்க்க வேண்டும், வீட்டில் செய்துவிட்டு அடுத்த வாரம் வந்து பேச வேண்டும். வெளிநாடுகளில் நன்றாக ஆராய்ந்து பார்த்த பயிற்சிகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன, சொல்வது குறைவு, பழகிப் பார்ப்பது அதிகம்.

வீட்டுக்கே போகிற முறையும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1970-களின் கடைசியில் எல்மைரா என்ற ஊரில் ஆரம்பித்தார். முதல் பிள்ளை உண்டான பெண்களின் வீட்டுக்கு ஒரு நர்ஸ், கர்ப்ப காலத்திலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை போய் வருவார். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் குழந்தைக் கொடுமை, கவனிப்பின்மை என்று உறுதியான புகார்கள் மற்ற குடும்பங்களைவிட ஏறத்தாழப் பாதிதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, அதைத்தான் நம் ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: புருஷனிடம் அதிகமாக அடி வாங்கும் பெண்களின் வீட்டில் அந்தப் பலன் மங்கிப்போனது. அடி வாங்குகிறவளிடம் போய் "நீ பொறுமையா இரு" என்று சொன்னால் அவள் எங்கிருந்து கொண்டுவருவாள் பொறுமையை? குடித்துவிட்டு வருகிறவரை விட்டுவிட்டு அம்மாவுக்கு மட்டும் பயிற்சி என்பது அநியாயம். அப்பாக்களும் வரட்டும் என்று நாங்கள் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம். இன்னும் குறைவாகத்தான் வருகிறார்கள்.

அதேபோல பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு இடமும் வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, 50 பெண்களுக்கு மேல் (1976-ல் அதை 30 ஆகக் குறைத்தார்கள்) வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த பஸ் நெரிசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள் எங்கள் அம்மாக்கள், நியாயம்தானே. வீட்டுக்குப் பக்கத்தில், ஷிஃப்ட் முடிந்து வரும்வரை திறந்திருக்கிற பால்வாடி ஒன்று தெருவில் இருந்தால், என் கணக்கில் அதுதான் முதல் தடுப்பு, வகுப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த கூட்டம் மாறுமா என்று சிலர் கேட்பார்கள். ஸ்வீடனில் 1979-ல் வீட்டில் பிள்ளையை அடிப்பதையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், உலகத்திலேயே முதலில் அங்கேதான். அதோடு விடாமல் பால் பாக்கெட்டில் அச்சடித்து வீடு வீடாகச் செய்தியைக் கொண்டுபோனார்கள். நம்மிடம் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடுக்கிறது, சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் தண்டனை உண்டு. ஆனால் சாயங்கால அறைக்குச் சட்டத்தைவிடப் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் சீக்கிரம் உதவுவார்.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அந்த அக்காவிடம் "ஏன் அடிக்கிறீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவைச் சாத்திக்கொள்வார். "அக்கா, நீங்க சமைக்கிற வரைக்கும் தம்பி எங்க வீட்டுல விளையாடட்டுமே" என்று கேளுங்கள். பேச்சு பழகின பிறகு அங்கன்வாடி டீச்சரிடமோ, வீடு வீடாக வருகிற அரசாங்கச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமோ கூட்டிப்போங்கள். மனசு ரொம்பச் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால் மனநல உதவிக்கான அரசாங்க எண் 14416 (டெலி மானஸ்), தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. வீட்டுக்காரர் அடிக்கிறார் என்றால் பெண்களுக்கான உதவி எண் 181. பையன் உடம்பில் சூடு, காயம், வீக்கம் என்று பார்த்தால் மட்டும் பழகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்கள்.