குட்டை பச்சையானால் தலைப்பிரட்டைக்கு என்ன ஆகும்? – கேள்வி பதில்

பாலக்கோடு: தக்காளிக்கு யூரியா போட்ட மறுநாளே மழைங்க. நாலு நாள் கழிச்சு குட்டையில் தலைப்பிரட்டை செத்து மிதக்குது. காலையில் தண்ணியைச் சோதிச்சா எல்லாம் சரின்னு வருது. எப்படிங்க?

சோதித்த நேரம்தான் கோளாறு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் 20.7 கிலோ. குட்டைக்குள் போன யூரியா சில நாளில் அம்மோனியாவாக உடையும். அதில் அயனியாகாத பங்குதான், அதாவது வாயுவாகவே கரைந்திருப்பதுதான், கொல்லும். 30 டிகிரி சூட்டில், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 8 என்றால் அந்தப் பங்கு சுமார் 7 சதவீதம், பி.எச். 9 ஆனால் 45 சதவீதத்தை நெருங்கும். வெயிலில், உரத்தால் பெருகிய பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்க பி.எச். ஏறும். காலையில் தாங்கிய குஞ்சு அதே தண்ணீரில் மூணு மணிக்குச் சாகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனைத் தின்றுவிடும்; விடியலில் தலைப்பிரட்டைகள் கூட்டமாக மேலே வந்து வாய் பிளந்து காற்றை விழுங்கும். பி.எச்.சை மதியம் 3 மணிக்கும், ஆக்சிஜனை விடிகாலை 5.30க்கும் பாருங்கள்.

இனி யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சொட்டுநீரில் பிரித்து விடுங்கள். மழை வரும்போல இருந்தால் தள்ளிப் போடுங்கள். கரையோரம் குறைந்தது 5 மீட்டர் புல்லை உழாமல் விடுங்கள்.

காவேரிப்பட்டணம்: குட்டைத் தண்ணியில் நைட்ரேட் 40 காட்டுது. குடிக்கவே 45 வரை ஆகும்னா தவளைக்கு என்ன?

முதலில் சோதனைப் பெட்டியின் அட்டையைப் படியுங்கள். ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்று இருந்தால் 4.43ஆல் பெருக்கணும், உங்கள் 40 அப்போது 177. மேலும் அந்த லிட்டருக்கு 45 மி.கி. வரம்பு குடிக்கும் மனிதருக்கு. தலைப்பிரட்டை இரவும் பகலும் அதிலேயே கிடந்து செவுளாலும் தோலாலும் மூச்சு விடுகிறது.

ஓசூர்: கூடுதல் கால் முளைச்ச தவளைக்கும் உரம்தான் காரணமா?

வட அமெரிக்காவில் சுற்றிவளைத்து ஆகிறது. உரத்தால் பாசி, பாசியால் நத்தை, நத்தைக்குள் பெருகும் ரிபெய்ரோயா என்ற ஒட்டுண்ணிப் புழு தலைப்பிரட்டையின் கால் மொட்டைத் துளைக்கும். 2007இல் அமெரிக்க உயிரியலாளர் பீட்டர் ஜான்சனின் குழு இதைச் சோதனையில் காட்டியது. நம்மூர்த் தவளையைப் பார்த்ததும் அதே புழு என்று முடிவு கட்டாதீர்கள்.

தருமபுரி: பாசிக்கு மயில்துத்தம் போடலாமாங்க?

வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தாமிரம் தலைப்பிரட்டையைக் கொல்லும்; மொத்தமாகச் செத்த பாசி அழுகி மிச்ச ஆக்சிஜனையும் உறிஞ்சும். நாளுக்குக் கொஞ்சமாக வாரியால் இழுத்து, மழைநீர் திரும்ப அடித்து வராத மேட்டில் கொட்டுங்கள். இழுக்குமுன் பாசியை விலக்கிப் பாருங்கள்: கூழ் நூலில் கறுப்பு மணி கோத்தாற்போல் இருந்தால் தேரை முட்டை. அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.