பிக்கப், கேம்பர், அதன் பின்னால் படகு: வெள்ளிக்கிழமை மாலை வந்த டிக்கெட்

கேள்வி: வணக்கம் மேடம். மினசோட்டா மாநிலம் ஈகனில் வசிக்கிறோம். முக்கால் டன் பிக்கப், 34 அடி ஃபிஃப்த் வீல் கேம்பர் (பிக்கப்பின் தொட்டிமேல் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி), 18 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். மே மாதம் வாலை (walleye) மீன்பிடி சீசன் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கேம்பருக்குப் பின்னால் படகு டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு மில் லாக்ஸ் ஏரிக்குக் கிளம்பினோம். மாலை 4:20க்கு அனோகாவில் போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். "இந்த மாநிலத்தில் ரெண்டு டிரெய்லர் இழுக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று டீலர் சொன்னதை நம்பித்தான் கேம்பருக்குப் பின் ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) போட்டோம். அபராதத்தைக் கட்டிவிடலாமா? ஆகஸ்டில் படகுக்குப் பதிலாக, சமையல் சாமான் ஏற்றிய மூடிய டிரெய்லரோடு முகாமுக்குப் போகிறோம். அடுத்த வருடம் சியாட்டிலில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் படகோடு போக ஆசை. நான் எச்1பி விசாவில் இருக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று. அபராதத்தை இன்றைக்கே ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. டிக்கெட்டை எடுத்து, அதில் குற்றம் எந்த வகை என்று குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரணப் போக்குவரத்து மீறல்கள் பெரும்பாலும் 'பெட்டி மிஸ்டிமீனர்' வகையில் வரும். அதற்கு அதிகபட்ச அபராதம் 300 டாலர், சிறை கிடையாது, மினசோட்டா சட்டத்தில் அது கிரிமினல் குற்றமே ஆகாது. ஆனால் வாகனத்தின் அளவு, எடை பற்றிய பிரிவுகளை மீறுவதை 169.80 பிரிவு 'மிஸ்டிமீனர்' என்றே சொல்கிறது. அது கிரிமினல் குற்றம். 90 நாள் சிறை, 1,000 டாலர் அபராதம் வரை போகலாம். இதற்காக யாரும் உங்களைச் சிறையில் போடப் போவதில்லை. என் கவலை வேறு. விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு படிவத்திலும் இது குறித்துக் கேள்வி வரும். படகு இழுத்த விஷயம் அங்கே பதிவாக நிற்க வேண்டியதில்லை.

டிக்கெட் கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'குற்றத்தை ஏற்கவில்லை' என்று விசாரணைத் தேதி கேளுங்கள். அன்றைக்கு அரசு வழக்கறிஞரிடம் பேசலாம். பழைய மீறல் எதுவும் இல்லாதவர்களுக்கு, குறிப்பிட்ட காலம் வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் வழக்கத்தில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பெட்டி மிஸ்டிமீனராகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு ஒப்புக்கொள்வதானாலும் கையெழுத்துக்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவு வீணல்ல.

இனி, டிக்கெட் ஏன் வந்தது? டீலர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார். 169.81 பிரிவு மூன்று வண்டிக் கோவையை, அதாவது மூன்று வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஓட்டுவதை, அனுமதிக்கிறது. ஆனால் மினியாபொலிஸ், செயின்ட் பாலைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளுக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 7 மணிக்குள் அது சாலையில் இருக்கக் கூடாது. உங்களை நிறுத்தியது மாலை 4:20. அனோகா அந்த ஏழில் ஒன்று. அதே சாலையில் இன்னும் சில மைல் வடக்கே எல்க் ரிவர் போயிருந்தால் ஷெர்பர்ன் கவுண்டி, அங்கே இந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஈகன் இருக்கும் டகோட்டா கவுண்டியும் ஏழில் சேர்ந்ததுதான். ஆகவே வெள்ளிக்கிழமை கிளம்பினால் எல்க் ரிவரை 4 மணிக்கு முன் தாண்டும்படி கிளம்புங்கள், இல்லாவிட்டால் 7 மணிக்கு மேல்.

சட்டம் தெரியாது என்பது எதிர்வாதம் ஆகாது. டீலர் மீது வழக்குப் போடும் அளவுக்கும் இதில் ஒன்றுமில்லை.

நேரத்தைவிட நீளம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மொத்தம் 70 அடிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கேம்பர் மட்டுமே 34 அடி. பிக்கப்புக்கு 20, படகு டிரெய்லருக்கு 22 என்று வைத்தால் கூட்டுத்தொகை 76. கேம்பரின் மூக்கு பிக்கப் தொட்டியின் மேல் ஏறி உட்காருவதால் நாலைந்து அடி கழியும். அப்போதும் 71, 72 வரும். காகிதக் கணக்கை நம்பாதீர்கள். மூன்றையும் மாட்டி, சமதரையில் நேராக நிறுத்தி, முன் பம்பரிலிருந்து படகு மோட்டாரின் கடைசி நுனி வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

எடையும் அப்படித்தான். பிக்கப்புக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் இழுதிறன், பின்னால் வரும் இரண்டின் மொத்த எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர், துணிமணி, படகின் பெட்ரோல் எல்லாம் சேர்த்துத்தான். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். படகும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 பவுண்டு எட்டினால் அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். 18 அடி ஃபைபர் படகு அதைச் சுலபமாக எட்டிவிடும். பாதுகாப்புச் சங்கிலியையும் மறக்க வேண்டாம்.

டீலர் போட்ட பின் ஹிட்சைப் பற்றியும் விசாரியுங்கள். கேம்பரின் சட்டகம் இன்னொரு டிரெய்லரைத் தாங்க வடிவமைக்கப்பட்டதா என்று தயாரிப்பாளரிடமே எழுத்தில் கேட்க வேண்டும். படகு டிரெய்லரின் முன்பாரம் கேம்பரின் அச்சுக்குப் பின்னால் அழுத்தும்போது கேம்பரின் முன்பக்கம் தூக்கும். பிக்கப்பின் மேல் உட்கார வேண்டிய பாரம் குறையும். அப்போதுதான் வண்டி ஆட ஆரம்பிக்கும். விபத்து நேர்ந்தால், சட்டமீறல் கவனக்குறைவுக்கான முதல்நிலைச் சாட்சியம் என்கிறது 169.96 பிரிவு. அது உங்களுக்கு எதிராகத்தான் போகும். காப்பீட்டு முகவரிடமும் இந்த மூன்று வண்டிக் கோவைக்குப் பாதுகாப்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள்.

ஆகஸ்ட் முகாமுக்கு மூடிய டிரெய்லரைக் கேம்பருக்குப் பின்னால் மாட்டாதீர்கள். இரண்டாவது டிரெய்லரில் என்ன இருக்கலாம் என்று சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது: படகு, மோட்டார் சைக்கிள், பனிவண்டி, ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சிறு வண்டி), கோல்ஃப் வண்டி, குதிரையேற்றச் சாமான் போன்றவை. அண்டாவும் கேஸ் அடுப்பும் மடக்கு மேசையும் அதில் இல்லை. ஞாயிறு காலை காலியான சாலையில் போனாலும் அது மீறல்தான். சாமானைப் பிரித்து இரண்டு குடும்பங்களின் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

சியாட்டில் விஷயத்தில் பதில் சுருக்கம்: படகு வேண்டாம். உங்கள் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும், ஆனால் வண்டிக் கோவைக்கு எந்த மாநிலச் சாலையில் ஓடுகிறீர்களோ அந்த மாநிலச் சட்டம்தான். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் உங்களைப் போன்ற தனியார் வண்டிக்கு இரண்டுக்கு மேல் கோப்பதை அனுமதிப்பதில்லை. மினசோட்டாவில் சரியாக அளந்து, எடை போட்டு, நேரம் பார்த்து ஓட்டிய அதே கோவை, ஸ்போகேன் நகருக்கு அருகே வாஷிங்டன் எல்லையைத் தாண்டியதும் சட்டவிரோதமாகிவிடும். அங்கே படகைக் கழற்றி எங்கே விடுவீர்கள்? கேம்பரை மட்டும் கொண்டு போங்கள், படகை அங்கே வாடகைக்கு எடுங்கள்.

டிக்கெட்டின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினால், விசாரணைக்கு முன் அரசு வழக்கறிஞரிடம் என்ன கேட்கலாம் என்று எழுதுகிறேன். 30 நாள் கெடு டிக்கெட்டில் உள்ள தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.